கழுவிய வால்வுகளும் மதிப்பெண் தாளும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருத்திதான். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும்.

உன் அண்ணன் விட்டுப்போன ப்ரீஆம்ப்ளிஃபயர், அதுதான் இசைத்தட்டின் ஒலியை முதலில் பெருக்கித் தரும் பெட்டி, இடது பக்கம் கரகரக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னதும், "பழுதான பெட்டி உங்களுக்கு எதுக்கு அண்ணி? சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா நான் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று எழுதிவிட்டாய். நாற்பது வருடம் அந்தப் பெட்டியில் அவர் போட்டதைத்தான் நான் கேட்டேன். இப்போதுதான் எனக்குப் பிடித்ததைக் கேட்கிறேன். ஆகவே விடுவதாக இல்லை.

கரகரப்புக்குக் காரணம் உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகள், கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பிகள். வயதாகிவிட்டதாம். வால்வுக் கடைக்காரரிடம் போனேன். அவர் ஆறு வால்வுகளைப் பஞ்சில் பொதிந்து கொடுத்து, "வீட்டுல மாத்தி மாத்திப் போட்டுக் கேளுங்கம்மா. பிடிச்ச ரெண்ட வெச்சுக்கிட்டு மிச்சத்தத் திருப்பிக் கொடுங்க. இதுல ரெண்டு மட்டும் பழைய சரக்கு, இனிமே கிடைக்காது. பேரு கண்ணாடி மேலயே இருக்கு" என்றார். இருந்தது. பேருக்கு மேல் அழுக்கும் இருந்தது. கடையிலிருந்து வந்த எதையும் நான் கழுவாமல் உபயோகிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். வால்வுகளின் கம்பிக் கால்கள் நனையாமல் தலைகீழாகப் பிடித்து, சோப்பு போட்டு, மெல்லிய துணியால் துடைத்து வரிசையாக வைத்தேன். ஆறும் வைரமாக மின்னின. பெயர்தான் ஒன்றிலும் இல்லை.

செய்தி கேட்டுக் கடைக்காரர் ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எழுத்தையெல்லாம் அழிச்சிட்டீங்களேம்மா! எது என் தங்கம், எது தகரம்னு இப்ப நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"முப்பது வருஷமா விக்கிறீங்க. காது எதுக்கு இருக்கு? முதல்ல செருப்பக் கழட்டுங்க, அப்புறம் உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒரே பியானோ இசைத்தட்டைப் போட்டு, ஜோடி ஜோடியாக மாற்றிக் கேட்டோம். மனிதர் ஒவ்வொரு ஜோடிக்கும் "இதான்! இதான் பழசு!" என்று துள்ளுகிறார், அடுத்ததற்கும் அதே துள்ளல். நான் கோடு போட்ட தாளில் மதிப்பெண் போட்டேன். ஒன்றைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணியடித்தது. கான்வென்ட் பள்ளியில் எங்களை அனுப்பியதுபோல, வகுப்பில் பேசியதற்காக அதை வெளியே அனுப்பினேன். இன்னொன்று பூனையாகச் சீறியது, அதுவும் வெளியே. கடைசியில் இரண்டைப் பொருத்தியதும், தம்பி, பியானோக்காரர் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சிழுத்தது கேட்டது! நானும் இழுத்தேன், கடைக்காரரும் இழுத்தார். எழுபத்திரண்டு வயதில் சோபாவிலிருந்து குதித்தேன் என்றால் நம்புவாயா?

"இதுதான் அந்தப் பழைய சரக்கா?" என்றேன்.

"சத்தியமாத் தெரியலம்மா. தெரிஞ்சா மட்டும் கழட்டிக் குடுத்துருவீங்களா?"

அன்று அவர் சொன்ன ஒரே சரியான பதில். பத்துக்குப் பத்து போட்டேன்.

ஆகவே சனிக்கிழமை நீ வர வேண்டாம். பெட்டி சுகமாகப் பாடுகிறது. இந்த வீட்டில் இனி வாங்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும் நல்ல செவியும் வாய்க்கட்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் செவியையே கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத அண்ணி

பி.கு.: சனிக்கிழமை கட்டாயம் வா, பெரிய வண்டியோடு. கடைக்காரரிடம் சுரைக்காய் அளவு வால்வுகள் வைத்த பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறதாம். தூக்க இரண்டு ஆள் வேண்டுமாம். வைக்க இடமில்லாததால், சாப்பாட்டு மேசையை நீ எடுத்துக்கொள்.