எட்டிலிருந்து பத்தொன்பது வரை

குடிக்கும் நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஆலோசனை சொன்னால் குடி குறையும் என்பது மேலிடத்துக்குத் தெரியவந்தது. நல்ல விஷயம் என்பதால் உடனே ஒரு படிவம் அச்சிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராபின் படுத்திருந்தான். போதையில் இரும்பாலை வேலைக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன். ஆலோசனை பெற்ற சீட்டு இல்லாமல் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவன் மனைவி ஹெலன் ஆலோசகர் வரதனைக் கையோடு கூட்டிவந்தாள்.

படிவத்தின் பத்துக் கேள்விக்கும் ராபின் உண்மையைச் சொன்னான். தப்பு அங்கேதான் நடந்தது.

"குடிக்கு இருபத்து மூணு மார்க்," என்று வரதன் வருத்தப்பட்டார். "எட்டுலேர்ந்து பத்தொன்பது வரைக்கும்தாம்மா எனக்கு. அதுக்கு மேல போனா சென்னை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். தேதி கிடைக்க மூணு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள வேற ஆளை வச்சிடுவாங்க சார். நீயே ரெண்டு வார்த்த சொல்லேன்."

"நாலு மார்க் குறைச்சுக்கினு வரட்டும், சொல்றேன்."

"எப்டி சார் குறைக்கிறது?"

"அதுக்குத்தானே ஆலோசனை!"

"அப்போ குடு."

"மொதல்ல குறையட்டும்மா."

இதில் தர்க்கப் பிழை காண்பவர்கள் அரசு வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்.

வரதனின் அன்றைய இலக்குக்கு ஒரு ஆள் குறைந்தது. பக்கத்துக் கட்டிலில், வயலில் பாம்பு கடித்து வந்த பச்சையப்பன்.

"சொட்டு கூட தொட்டதில்ல சாரே."

"சின்ன வயசுல?"

"எங்க நைனா ஒரு தபா கள்ளு ஊத்துனாரு."

வரதன் எட்டு மார்க் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் பேசினார். பச்சையப்பன் தூங்கிப்போனார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் ராபின்தான். தகுதியில்லாதவர் கேட்டால் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றோடு ராபின் குடியை விட்டான். நர்ஸ் கொடுத்த மாத்திரையில் கை நடுக்கமும் நின்றது. ஒரு மாதம் கழித்து ஹெலன் அவனை வரதன் முன் நிறுத்தினாள்.

"சைபர்," என்று வரதன் மறுபடி வருத்தப்பட்டார். "எட்டுக்குக் கீழ ஆலோசனை கிடையாதும்மா."

"அதான் வுட்டுட்டாரே! வுட்டுட்டாருன்னு எழுதிக் குடு."

"யாரைக் கேட்டு விட்டாரு? ஆலோசனை இல்லாமலே குடிய விடலாம்னு எழுதினா என் வேலை என்னாகும்?"

"இன்னா சார் பேஜாரா போச்சு! எட்டு மார்க்குக்கு எவ்ளோ குடிக்கணும்? அதையாவது எழுதிக் குடு."

வரதன் இளகிய மனசுக்காரர். 'ராபின், வாரம் மூன்று முறை, மூன்று கிளாஸ் வீதம் குடித்துவிட்டு வரவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

ஹெலன் நேராக ஆலைக்குப் போனாள். மேனேஜர் முத்திரையை மட்டும் தடவிப் பார்த்தார்.

"சபாஷ்! காலை ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்லு."

ராபின் இன்றும் வேலைக்குப் போகிறான். மற்றவர்களும் திருந்தட்டும் என்று அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கேட்டருகே மாட்டியிருக்கிறார்கள். முந்நூறு பேர் தினமும் கடந்துபோகும் அதை ஒரே ஒருவர்தான் நின்று படித்தார். செல்போனில் படம் பிடித்துப்போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினார்:

"பாத்துக்கோ. ஆஸ்பத்திரிலயே எழுதிக் குடுக்கறாங்க."