இரண்டாவது ஹார்ட் டிஸ்க் திறப்பு விழா

மனிதன் பிறப்பதற்குத் தாய் தகப்பன் போதும் என்று நினைப்பவர்கள் கண்டியில் எங்கள் பிறப்புப் பதிவுக் கந்தோருக்கு வந்ததில்லை. பெற்றுப்போடுவது அவர்கள் வேலை. 'பிறந்தது மெய்' என்று உறுதிப்படுத்துவது எங்கள் திருப்பணி.

இரண்டாயிரமாம் ஆண்டில் எங்களிடம் ஒரேயொரு பழைய கணினி இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிறப்புப் பதிவுகள் முழுவதும் அதற்குள். மூலப் பதிவேடுகளைக் கறையான்கள் முறைப்படி பொறுப்பேற்றிருந்தன. ஓகஸ்ட் மாதம் கணினியின் வயிறு நிறைந்து, இனி ஒரு கடிதமும் அச்சிட மாட்டேன் என்று நின்றுவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஹந்தானைத் தோட்டத்துக் கறுப்பையா வந்தார். அடையாள அட்டை இல்லையென்று சோதனைச் சாவடியில் அவருடைய மகள் முத்துலெட்சுமியைப் பிடித்திருந்தார்கள்.

"புள்ள இங்கதான் பொறந்துச்சுன்னு வெள்ளிக்கெழமைக்குள்ள கடுதாசி வேணுமாம். இல்லாட்டி கொழும்பு ஜெயிலுக்கு அனுப்பிருவாங்களாம். கையால எழுதிக் குடுத்தாலும் போதுங்கய்யா."

எங்கள் தலைவர் இராஜரத்தினம் புண்பட்டுப்போனார். "கையாலயோ? இது நவீன கந்தோர் கண்டீரோ!"

உடனடி நடவடிக்கையாக மூன்று கூட்டங்கள் நடந்தன. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பூட்டுவதென்றும், அதற்குத் திறப்பு விழா வைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். சுபநேரம் வெள்ளி பன்னிரண்டு நாற்பது.

வெள்ளி காலை கடையிலிருந்து றிஸ்வி வந்து பெட்டியைக் கழற்றினார். "சேர், பழசு மாஸ்டர். புதுச ஸ்லேவா வைக்கணும்."

"அடிமையோ? என்ர கந்தோரில சமத்துவம்தான். ரெண்டையும் மாஸ்டராக்கும்!"

ஆக்கினார். கணினி இரண்டையுமே கண்டுகொள்ளவில்லை. தலைவர் தேநீருக்குப் போன சமயம் றிஸ்வி டிஸ்க்கின் பின்னாலிருந்த ஜம்பர் என்ற ஊசியளவு செருகியை இடம் மாற்றினார். சமத்துவம் ஒழிந்தது, இரண்டு டிஸ்க்கும் தெரிந்தன.

"புதுச ஃபோர்மட் பண்ணணும். ஜும்ஆ தொழுதுட்டு வாரன். ஒண்டையும் தொட வேணாம்."

சுபநேரம் காத்திருக்குமா? என்னைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். எந்த டிஸ்க், ஒன்றா இரண்டா என்று திரை கேட்டது.

"யோகேந்திரன், ஒண்டில இருந்து தொடங்கும். ஒழுங்குமுறை வேணும்," என்றார் தலைவர் என்னிடம்.

இதிலுள்ளவை அனைத்தும் அழியும், சம்மதமா என்று திரை மறுபடியும் கேட்டது.

"அரசாங்கத்தைக் கேள்வி கேக்குதோ? ஓம் எண்டு அடியும்!"

அடித்தேன். கைதட்டினார்கள். பாற்சோறு பரிமாறப்பட்டது.

திரும்பி வந்த றிஸ்வி தலையில் கை வைத்தார். "சேர், பழசயல்லவா அழிச்சிருக்கீங்க!"

"அதாலதான் இப்ப நல்ல இடமிருக்கு," என்றார் தலைவர்.

பின்னேரம் நான்கு மணிக்குக் கணினி புதுப்பொலிவுடன் ஓடியது. முத்துலெட்சுமியைத் தேடினோம். இல்லை. அப்படியொருவர் பிறந்ததாகப் பதிவில்லை என்று தலைவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். வாசித்துக் காட்டியதும், கடிதத்துக்காகக் காத்து நின்ற கறுப்பையா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள பொலிசுல இருக்குதுங்களே அய்யா!"

"இருக்கலாம். கணினியில இல்லை."

கடிதம் ஒரு நிமிடத்தில் அச்சாகி வந்தது. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அவளுடைய பெயரையும் பிறந்த திகதியையும் செவ்வாயன்று அதே திரையில் நான் கண்ணால் கண்டிருந்தேன். ஆனால் சாட்சி சொல்வது என் கடமைப் பட்டியலில் இல்லை. கையொப்பம் மட்டும் கையால் இடவேண்டியிருந்தது.

இட்டேன்.