பேரரசர் அழுத நாள்

சீனத்து மலைகளுக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, ஒரு நாடு இருந்தது. அதற்கு ஒரு பேரரசர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கீழே மண்ணுலகத்து மக்கள் ஊதுபத்தி ஏற்றுவார்கள்; யார் பெயருக்கு அதிகப் புகை எழுகிறதோ அவருக்கே அரியணை.

யாவ்லான் அந்த நாட்டில் மேகம் நெய்யும் தேவகன்னி. ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் நங்கை முகட்டின் உச்சியில் அவளுடைய தறி. காலையில் மூடுபனியும் மாலையில் மழையுமாக நெய்து, மலைச்சரிவில் உதறிவிடுவாள். அடிவாரத்தில் பீச் பழத்தோப்பு வைத்திருந்த லியூ, முதல் துளி விழுந்ததும் கைகளை விரித்துக்கொண்டு வெளியே ஓடி வருவாள். அதைப் பார்ப்பதில் யாவ்லானுக்கு அப்படியொரு ஆனந்தம்.

ஒருநாள் மேகத்துறை மந்திரி மோவெய் சங்கு முழங்க வந்து சேர்ந்தார்.

"இன்று முதல் ஒவ்வொரு மேகமும் பேரரசரின் திருமுகத்தைத் தாங்கியிருக்க வேண்டும். மக்கள் அண்ணாந்தால் அவர் தெரிய வேண்டும்."

கன்னியர் நெய்தார்கள். நீண்ட மீசை, குண்டுக் கன்னம், மாறாத புன்னகை. முதல் முகமேகம் மிதந்து போனபோது கீழே ஒரே ஆரவாரம். யாவ்லானுக்கே உடம்பு சிலிர்த்தது. மாலையில் அந்த மேகம் கறுத்துத் திரண்டது. மந்திரி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மழை பெய்தால் பேரரசர் அழுவதுபோல் ஆகிவிடுமே! இவ்வளவு நல்லாட்சியில் அவர் எதற்காக அழ வேண்டும்?"

"அப்படியானால் மழை எப்படிப் பெய்யும் ஐயா?"

"பெய்ய வேண்டாம்."

அதுவே சட்டமானது. ஓடைகள் வற்றின. வெயில் கொளுத்துகிறது என்று மக்கள் முறையிட்டதால், நிழலுக்காகத் திருமுகங்களைப் பெரிதாக்க ஆணை பிறந்தது. நிழலில் பீச் காய்கள் பழுக்காமல் வெம்பின. குனிந்து கிணற்றை எட்டிப் பார்த்தவர்கள்மீது, அண்ணாந்து பார்க்காத குற்றத்துக்காக வழக்குப் பதிவானது.

ஊதுபத்தி நாளுக்கு முந்தைய நண்பகலில், லியூ காலிக் குடத்தோடு பாதி மலை ஏறி வந்து வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"சாமி! சிரிச்சது போதும். ஒரு சொட்டு விடக் கூடாதா? மரமெல்லாம் கருகுது, புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க!"

முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. அதை அப்படித்தான் நெய்திருந்தார்கள்.

யாவ்லானுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பட்டு அங்கியின் நீண்ட கைகள் காற்றில் படபடக்க, முகட்டிலிருந்து பாய்ந்து ஆகப் பெரிய முகத்தின்மேல் குதித்தாள்.

"நில்! இது ராஜதுரோகம்!" என்று அலறினார் மோவெய்.

"தண்ணீரின் வழி கீழ்நோக்கித்தான், மந்திரியாரே! மறிப்பதற்கு நீங்கள் யார்?"

கண்ணோரத் தையலைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளந்துகொண்டது வானம்! பைன் மரங்கள் தலைசுழற்றி ஆட, பாறையெல்லாம் அருவியாக, மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. லியூ குடத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சேற்றில் குதித்தாடினாள். காவலர்கள் வந்து பிடித்த பிறகும் யாவ்லான் சிரிப்பதை நிறுத்தவில்லை. தொப்பலாக நனைந்த அவள், சாகவும் தயாராக இருந்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது.

"பாருங்கய்யா, பேரரசர் நமக்காக அழுவுறாரு!"

ஊர் ஊராக அந்தக் குரல் பரவியது. மறுநாள் எழுந்த புகையில் விண்ணுலகமே இருமியது. அப்படியொரு வெற்றியை யாரும் கண்டதில்லை.

கைவிலங்கை எதிர்பார்த்துச் சபைக்கு வந்த யாவ்லானின் கழுத்தில் மாலை விழுந்தது. புதிதாகக் கண்ணீர்த் துறை அமைக்கப்பட்டிருப்பதாகவும், இனி ஒவ்வொரு ஊதுபத்தி நாளுக்கும் முன்னால் மட்டும் திருக்கண்ணின் தையல் பிரிக்கப்படும் என்றும் மோவெய் அறிவித்தார்.

"மழை வருஷா வருஷம் வேண்டுமே!"

"மக்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லையே, அம்மணி."

யாவ்லான் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே பீச் தோப்புக்குப் பறந்தாள்.

"அக்கா, எல்லாருமாச் சேர்ந்து கேளுங்க. கேட்டால் கொடுத்துத்தான் ஆகணும்!"

லியூ கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஆவலோடு அவள் அருகே வந்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? அடுத்த ஊதுபத்தி நாளைக் கொஞ்சம் முன்னாடியே வைக்கச் சொல்லேன்."