டப்பாவில் எழுதியிருந்தது

தலையணைக்கு வாய் தைப்பதுதான் கடைசி வேலை. மூன்று பக்கத்தையும் மிஷினில் ஓட்டிவிடலாம். நாலாவது பக்கத்தைப் பஞ்சு திணித்த பிறகு கையால்தான் மூட வேண்டும். மெத்தைக்காரரின் மனைவி அந்த வேலையில் இருந்தாள். மடியில் தலையணை, பல்லிடுக்கில் நூல், சுற்றிலும் பஞ்சு. அவருக்கென்று உயரமாக ஒன்று தைக்கிறாள். தாழப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். கையில் உருண்டையாக ஒரு டப்பா.

"இன்னியிலிருந்து..." என்றார். வாசல்படி ஏறிய களைப்பில் மிச்சம் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். "இன்னியிலிருந்து..."

"தண்ணி குடிச்சிட்டு சபதம் போடுங்க. அது எங்கேயும் ஓடிடாது."

குடித்தார். "இன்னியிலிருந்து அந்தப் புஸ்ஸுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!"

புஸ்ஸு என்பது டாக்டரம்மா கொடுத்த மருந்துக் குப்பி. வாயில் வைத்து அழுத்தினால் புஸ்ஸென்று மருந்து உள்ளே போகும். வருஷக்கணக்காகப் பஞ்சு அடித்த தூசும், அதோடு போட்டி போட்டு இழுத்த பீடியும் அவர் நெஞ்சுக்குள் குடித்தனம் வைத்துவிட்டன. "இது முழுசா போற வியாதி இல்ல. ஆனா சொன்னபடி கேட்டா அடக்கி வெக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலையும் மாலையும் புஸ்ஸு. அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். பஞ்சு அடிக்கும்போது மூக்குக்கு மூடி. தினமும் கொஞ்சம் நடை. பீடி கூடவே கூடாது.

மெத்தைக்காரர் இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஒரே ஒரு நாள் கடையில் வைத்துப் புஸ்ஸு அடித்தார். மெத்தை வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "மெத்தைக்குள்ளயும் காத்துதான் அடைக்கிறீங்களா?" என்று கேட்டார். அன்றோடு குப்பி அலமாரிக்குப் போய்விட்டது. போன மாதம் பஞ்சு மூட்டையோடு மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. அவள் ஒருத்தியாகத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினாள். அந்த நீலத்தை அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

"என்ன டப்பா இது?"

"சத்து மாத்திரை! ஜிம்காரர் குடுத்தாரு. மீன் எண்ணெய், வைட்டமினு, இன்னும் என்னென்னமோ. நுரையீரலை அப்படியே புதுசாக்கிடுமாம். நாம பழைய மெத்தையைப் பிரிச்சு அடிச்சுப் புதுசாக்குறோம்ல, அந்த மாதிரி."

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா?"

"அவங்க புஸ்ஸுக் கட்சி. நான் மாத்திரைக் கட்சி. அடுத்த தடவை அவங்க குழாயில ஊதச் சொல்லும்போது பாரு. நான் நல்லா ஊதிட்டேன்னா, அதுக்கப்புறம் புஸ்ஸுன்னு நீ வாயைத் திறக்கக் கூடாது."

"ஊதலேன்னா?"

"ஊதலேன்னா நீ சொல்றபடி கேக்குறேன், போதுமா? எப்படிச் சாப்பிடணும்னு டப்பாவுலயே எழுதியிருக்காம். என் கண்ணாடி எங்க?"

அலமாரியைப் புரட்டினார். மிஷினுக்கு அடியில் குனிந்தார். குனிந்ததற்கே இரைத்தது. அவள் ஒரு கைப்பிடிப் பஞ்சை அள்ளித் தலையணைக்குள் திணித்தாள். விறுவிறுவென்று வாயைத் தைத்து முடிச்சுப் போட்டாள்.

"மறுபடியும் மெத்தைக்குள்ள வெச்சுத் தெச்சிட்டீங்களா என்ன?" என்றாள்.

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. முன்னே ஒருதரம் கத்தரிக்கோலை மெத்தைக்குள் விட்டுத் தைத்தவர்தான். வாங்கிப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இருக்கும்" என்றார் மெல்ல.

"குத்துதுன்னு யாராவது வருவாங்க, விடுங்க. டப்பாவைக் குடுங்க, நான் படிக்கிறேன்."

"நீயா? நீ எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள மாத்திரை கெட்டுப் போயிடும்."

வேறு ஆள் இல்லை. சின்ன மகளுக்கு இன்னும் எழுத்தே தெரியாது. அவள் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கொஞ்சம் திருப்பினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"மாத்திரை போடுறதுக்கு முன்னாடி... மூச்சுக் குழாயைத் தொறக்கணுமாம்."

"அதை எப்படித் தொறக்கிறது?"

"புஸ்ஸு அடிச்சுதான். காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். கதவைத் தொறக்கலேன்னா சத்து வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிடுமாம்."

"புஸ்ஸுன்னேவா போட்டிருக்கு?"

"நீட்டமா ஒரு பேர் போட்டிருக்கு. உங்களுக்குப் புரியட்டும்னு புஸ்ஸுன்னேன். அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும். அதுக்கப்புறம்தான் மாத்திரை."

மெத்தைக்காரர் யோசித்தார். டாக்டர் சொல்லிப் புஸ்ஸு அடித்தால் நோயாளி. டப்பா சொல்லி அடித்தால் அது வைத்திய நுணுக்கம். அலமாரியைத் திறந்து குப்பியை எடுத்தார்.

சதுர டப்பாவாக இருந்திருந்தால் நாலு பக்கத்தோடு முடிந்திருக்கும். இது உருண்டை. திருப்பத் திருப்ப எழுத்து வந்துகொண்டே இருந்தது. அவர் மூக்கை மூடாமல் பஞ்சு அடிக்கப் போனால், அவள் டப்பாவைத் திருப்புவாள்.

"ஐயையோ, இது அன்னிக்குக் கண்ணுல படலையே! தூசு போற மூக்கு வழியா சத்து வெளியில வந்துடுமாம்."

மூடி ஏறும். சட்டைப் பையில் பீடிக்கட்டு தலை காட்டினால் இன்னொரு திருப்பு.

"புகை பட்டா மாத்திரை வயித்துக்குள்ளயே கருகிடும்னு போட்டிருக்கு. சிவப்பு எழுத்து வேற."

கட்டு குப்பைக்குப் போகும். போகும்போது அவருக்குக் கண் கலங்கும். சத்து உடம்பில் இறங்குவதற்காகத் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவார். ஒருநாள் மட்டும் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"சாப்பிட்ட தட்டை நானே கழுவணும்னு கூடவா போட்டிருக்கு?"

"கை அசைஞ்சாதான் நெஞ்சு விரியுமாம்."

"உன் கை அசைஞ்சா?"

"மாத்திரை சாப்பிடுறது நீங்களா, நானா?"

கழுவினார்.

இதற்கு நடுவே கண்ணாடியையும் தேடிக்கொண்டிருந்தார். பழைய வாடிக்கைக்காரர்களைத் தெருவில் நிறுத்தி, "படுத்தா ஏதாச்சும் குத்துதா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி பேச்சுதான் குத்துது" என்றார் ஒருவர். "அது எந்தக் கடையில வாங்கினாலும் குத்தும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாள் வந்தது. மெத்தைக்காரர் குழாயை வாங்கி, கன்னம் உப்ப ஊதினார். டாக்டரம்மா பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே! போன தடவையைவிட நல்லாவே ஊதுறீங்க."

மெத்தைக்காரர் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "எல்லாம் இவரு வேலை!" டப்பாவுக்கு மரியாதை கூடிவிட்டது. புஸ்ஸு, கொப்பளிப்பு, மூக்கு மூடி, நடை, பீடி என்று அதிலிருந்த அத்தனையையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். தட்டை மட்டும் கௌரவம் கருதி விட்டுவிட்டார்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல டப்பா" என்றார் டாக்டரம்மா. "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் கால் தரையில் படவில்லை. வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்றி வீரராகத் தலையணையில் சாய்ந்தார். தலையணை கட்டி தட்டியிருந்தது. மெத்தைக்காரர் தலையணையே இப்படி இருக்கலாமா? பிரித்துத் தட்டிப் போட்டால் பூவாகிவிடும். நூலை அறுத்துக் கையை உள்ளே விட்டார்.

நட்டநடுவே, நசுங்காமல், தன் கூட்டுக்குள் பத்திரமாக அவருடைய கண்ணாடி இருந்தது.

மூக்கில் மாட்டினார். டப்பாவை எடுத்தார். ஈரம் படாத இடத்தில் வைக்கவும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். டாக்டரைக் கேட்டுச் சாப்பிடவும். எந்த நோயையும் குணமாக்கும் மருந்து அல்ல. அவ்வளவுதான். ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கமாகவும் சுற்றினார். சிவப்பு எழுத்தே கிடையாது.

"ஏய்! இங்க வா!"

அவள் ஈரக்கையோடு வந்தாள். அவர் மூக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுல புஸ்ஸு எங்கடி? மாத்திரை கருகுறது எங்க? தட்டு எங்க?"

"அதெல்லாம் டாக்டரம்மா சொன்னது" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "தட்டு மட்டும் நான் சொன்னது."

"கண்ணாடி?"

"பஞ்சுக்குள்ளதான் கூட்டோட போட்டிருந்தீங்க. தேடும்போது என் கையில தட்டுப்பட்டுச்சு."

"அந்தம்மாவுக்கும் தெரியுமா?"

"மறுநாளே டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிட்டேன். உங்க ரத்தத்துல வைட்டமின் கம்மிதான், தினம் ஒண்ணு போட்டா கெடுதல் இல்லன்னாங்க. ஆனா நெஞ்சுக்கு இது மருந்தில்ல, புஸ்ஸை விட்டா பழையபடி நீலமாயிடுவாருன்னும் சொன்னாங்க."

கத்துவதற்காக மூச்சை இழுத்தார். மூச்சு வந்தது. பாதியில் நிற்காமல், விசில் அடிக்காமல், அடிவயிறு வரை வந்தது. அப்படி ஒரு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மெதுவாக விட்டார்.

"அப்ப பந்தயத்துல ஜெயிச்சது யாரு?"

"நீங்கதான். நல்லாத்தானே ஊதினீங்க? சொன்ன சொல்லு மாற மாட்டேன். இனிமே புஸ்ஸுன்னு நான் வாயைத் திறக்கவே மாட்டேன்." தரையில் கிடந்த ஊசியை எடுத்து நூல் கோத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களா ஞாபகம் வெச்சு அடிச்சுக்கணும். ஒருநாள் விட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, அடுத்த தடவை நான் உள்ள வெச்சுத் தைக்கப் போறது கண்ணாடியை இல்ல, உங்க—"

கக்கூஸிலிருந்து சின்ன மகளின் குரல் வந்தது: "அம்மா! ஆயிடுச்சு! கழுவி விட வா!"