வராத கூறையும் ஓமந்தைச் சந்தேகமும்

வன்னியில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்பார்த்த சாமான் வந்து சேராவிட்டால் அனுப்பினவரைச் சந்தேகிக்க மாட்டோம். "ஓமந்தையில மறிச்சிருப்பாங்கள்" என்று சோதனைச் சாவடியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய், மருந்து, பற்றரி எல்லாம் அப்படித்தான் வருசக்கணக்காக வராமல் இருந்தன. அந்தப் பழக்கத்தால் ஒரு கலியாணத்தையே குழப்பப் பார்த்த ஆள் நான்.

அது சமாதான காலம். பாதை திறந்திருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வவுனியாவில் கணினி வகுப்பு முடித்துவிட்டு வட்டக்கச்சிக்குத் திரும்பியிருந்தேன். (மூன்றே மாத வகுப்பு. நடையைப் பார்த்தால் கணினியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைப்பீர்கள்.) அண்ணாவுக்குக் கலியாணம் சரிவந்தது. கூறைச்சேலை எடுக்கவேண்டியது மாப்பிள்ளை வீட்டார், அதாவது நாங்கள். யாழ்ப்பாணம் போய் எடுப்போம் என்றா அம்மா. நான் விடவில்லை.

"உதெல்லாம் பழைய முறை அம்மா. இன்ரநெற்றில படம் பாத்து ஓடர் குடுத்தால் ரெண்டு கிழமையில வீட்டு வாசலுக்கு வரும்."

கனடாவிலிருந்த மாமா தன் கார்டில் காசு கட்டினார். இணையத்தில் சேலை விற்ற ஒரு கொம்பனிக்கு ஓடர் போட்டு, வந்த பற்றுச்சீட்டை அச்சடித்து, லமினேற் செய்து கொண்டுவந்தேன். அம்மா அதைச் சாமியறையில் வைத்துக் குங்குமமும் வைத்தா.

இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் முதலில் கொம்பனியின் சுகம் விசாரித்து, பிறகுதான் சேலையை விசாரித்தேன். "அனுப்பியாயிற்று, பொறுத்திருங்கள்" என்று பதில் வந்தது. அனுப்பியது வரவில்லையென்றால் எங்கே நிற்கும்? பஸ் ஏறி ஓமந்தைக்குப் போனேன். ஒருதரம் இல்லை, மூன்று தரம். வரிசையில் நின்ற லொறிகளை ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

"தம்பி, இது சீமெந்து லொறி," என்றார் ஒரு சாரதி. "உங்கட அண்ணைக்குக் கலியாணமோ, வீடு கட்டுறியளோ?"

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் சீனி வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனேன். அங்கே கணக்குப் பிள்ளையாக இருந்தவா வேறு யாருமில்லை, கலியாணப் பொம்பிளை.

"தம்பி, கூறை எங்க? அதுக்குச் சட்டை தைக்க வேணுமெல்லே."

"ஓமந்தையில நிக்குது அண்ணி."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை."

சாமியறையிலிருந்து எடுத்து ஓமந்தைக்குக் கொண்டு திரிந்த லமினேற்றை ஆதாரத்துக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அண்ணி குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அடியிலிருந்த பொடி எழுத்துவரை ஆறுதலாக, வரிவரியாக வாசித்தா.

"முப்பது நாளில சாமான் வராட்டி ஓடரை ரத்துச் செய்யலாம், காசு முழுக்கத் திரும்புமெண்டு போட்டிருக்கு. இதை நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"லமினேற் பண்ணினனான் அண்ணி."

சிரிக்காமல் இருக்க அவா பட்ட பாடு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

"ரத்துச் செய்தால் அவையள் கோவிக்க மாட்டினமோ?" என்று கேட்டேன். (உண்மையாகவே கேட்டேன்.)

"சங்கத்துக்குச் சீனி வராட்டி நான் வேண்டாமெண்டு எழுதுறனான். ஒருத்தரும் கோவிக்கிறேல்லை. வராத சாமானுக்கு நாங்கள் ஏன் கெஞ்சவேணும்?"

பழைய பில் ஒன்றின் பின்புறம் ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதித் தந்தா. சுகம் விசாரிப்பே இல்லை. அதை அப்படியே அனுப்பினேன். மூன்றாம் நாள் காசு தன் கார்டுக்குத் திரும்பிவிட்டது என்று மாமா போன் எடுத்தார். கிளிநொச்சிக் கடையொன்றில் அரக்கு நிறத்தில் நல்ல கூறையாகவே கிடைத்தது.

ஆனால் அம்மாவுக்கு என்ன சொல்வது? ஓமந்தைக்குப் போய் வெயில் குடித்த கதை தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கோ, நான் சொல்லுறன்," என்றா அண்ணி. அம்மாவைக் கோயிலில் கண்டபோது சொல்லியும் விட்டா.

"மாமி, படத்தில பாத்த நிறம் எனக்குப் பிடிக்கேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்."

அம்மாவின் முகம் ஒரு கிழமை நீண்டு கிடந்தது. கலியாணத்தில் கூறைத்தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வந்தபோது, தட்டைத் தொட்ட எல்லோரும் நிறத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். "கூறையையே திருப்பி அனுப்பின பொம்பிளை" என்ற பேர் அண்ணிக்கு அன்றே நிலைத்தது. இன்றும் சொந்தத்துக்குள் எந்தக் கலியாணத்தில் தட்டு வந்தாலும், "பொம்பிளைக்கு நிறம் பிடிச்சதோ எண்டு கேட்டனீங்களோ?" என்று யாராவது அண்ணியைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எனக்காகச் சுமந்த பேர் அது. நன்றி சொல்ல இத்தனை வருசம் எனக்கு வாய் வரவில்லை. போன மாதம்தான் அவாவிடம் போய், "உண்மையை எழுதப்போறன் அண்ணி," என்றேன்.

"ஐயோ, வேண்டாம்," என்றா. "அந்தப் பேராலதான் மாமி இண்டைவரைக்கும் என்னைக் கேக்காமல் எனக்கொரு சீலை எடுத்ததில்லை. அதை ஏன் கெடுக்கிறீங்கள்?"