அம்மாவின் உத்தியோகம் தொடர்பாக

புளியங்குளம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகள் தேனுகாவுக்கு,

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறருக்கு ஊசி போடும் நீ எந்த ஊசியும் தேவைப்படாமல் சுகமாயிருக்க அப்பா வேண்டிக்கொள்கிறேன். இங்கு அம்மா சுகம். மாடு சுகம். நான் மட்டும் நேற்றிலிருந்து தலை நிமிரவில்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நீ விரும்பிய பிள்ளை பிரசாந்தனின் தாய் தகப்பன், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், நேற்று விசுவமடுவிலிருந்து வந்து இறங்கினார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் அவள் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொன்னது "தண்ணீர்ப் பகுதியில் உத்தியோகம்" என்று. பொய் இல்லை, பிள்ளை, பாதியை விட்டுவிட்டேன். கக்கூசுத் தண்ணியோடு மாய்கிறவளின் மகள் என்று உன் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்ற பயம்.

"சம்மந்தி வேலை செய்யிற இடத்தையும் ஒருக்காப் பாப்பமே" என்றார் பிரசாந்தனின் தாய் ராஜினி. அவளுடைய கந்தோர் சனிக்கிழமை பூட்டு என்றேன். "அப்ப அவ எங்க போனவ?" என்றார் தகப்பன் தங்கராசா. கூட்டத்துக்கு என்றேன். எங்கே கூட்டம் என்றார். குளக்கட்டில் என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன வாய்க்காக அவர்களை ஓட்டோவில் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய், உச்சி வெயிலில் ஒரு மணித்தியாலம், மதகைக் காட்டினேன், தாமரையைக் காட்டினேன், வேறொன்றும் இல்லாமல் போக ஒரு முதலையையும் காட்டினேன், அது மரக்கட்டை. அந்த நேரம் பார்த்து, வீடுகளின் மலக்குழிகளை உறிஞ்சி எடுக்கிற பவுசரை ஓட்டும் பாலன் பக்கத்தில் வந்து நிறுத்தி, "வீரகத்தி அண்ணை, நேசமலர் அக்கா அங்க பைப் அடைச்சு நிண்டு மாயிறா, நீங்கள் இங்க காத்து வாங்கிறியளோ? பின்னால வாங்கோ!" என்று கத்திவிட்டு முன்னால் போனான். அந்தப் பவுசரின் பின்னால், அதன் மணத்தோடு, எங்கள் ஓட்டோ போனது.

அம்மா முழங்கால்வரைச் சப்பாத்தோடு, கம்பிவலையில் சிக்கிய யாருடையதோ பழைய வேட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையுறையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, "வாங்கோ, நிழலுக்க நில்லுங்கோ" என்றாள், வீட்டு வாசலில் நிற்பவளைப் போல. பிறகு ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினாள். காற்று ஊதும் தொட்டியடியில், "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமியள் இருக்கு. அதுகள்தான் ஊத்தையைத் தின்னுறது. அதுகளுக்கு மூச்சு முட்டாமல் நான் பாக்கிறன்" என்றாள். கடைசியில் வெளியேறும் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். தெளிந்திருந்தது. "குடிக்கேலாது. ஆனா வாய்க்காலுக்க விட்டா ஒருத்தரின்ர கிணறும் பழுதாகாது."

ராஜினி அம்மா போத்தலை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"சண்டைக்குப் பிறகு முகாமில இருக்கேக்க என்ர கடைக்குட்டி வயித்தாலடியில செத்துப்போனவள். மூண்டே நாள். தண்ணியாலதான் எண்டவை."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கராசா அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் பாதி உண்மையோடு எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றேன்.

போகும்போது ராஜினி அம்மா, "கலியாணத்தைத் தையில வைப்பம். சம்மந்திக்கு லீவு கிடைக்குமோ?" என்று கேட்டார்.

"ஒருநாள் எடுக்கலாம். கிருமியள் பட்டினி கிடக்காதுகள்" என்றாள் அம்மா.

நேரத்துக்குச் சாப்பிடு. முறிகண்டிப் பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வெட்கத்தோடும் விருப்பத்தோடும்,
அப்பா வீரகத்தி

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் அம்மா இதை வாங்கி வாசித்துச் சிரிக்கிறாள். ராஜினி அம்மாவுக்குத் தன் வேலையைப் பற்றி இரண்டு மாதத்துக்கு முன்பே போனில் சொல்லிவிட்டாளாம். அவர்கள் வந்ததே அந்த இடத்தைப் பார்க்கத்தானாம். எனக்கு வெட்கமாகப் போய்விடும் என்றுதான் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். நல்ல இடத்துக்குத்தான் போகிறாய், மகளே. ஆனால் அவர்களிடம் பொய் மட்டும் சொல்லாதே. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நீதான் தாங்கமாட்டாய்.