மீதி சாரின் ஏழு ஒன்றுகள்

ராஜா காலத்துத் திருவனந்தபுரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனிதனைக் களைத்துப்போக வைக்கும் திறமை ஒருவருக்குத்தான் இருந்தது. எங்கள் சர்வே ஆபீஸ் மீதி சார். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

எதைக் கண்டாலும் வகுத்து மீதி சொல்வார். கரமனை ஆற்றில் முழுகி எழுந்தால் படிக்கட்டை ஏழால் வகுத்திருப்பார். கல்யாணப் பந்தியில் இலைகளைப் பதிமூன்றால் வகுத்த பிறகுதான் பருப்பில் கை வைப்பார். அப்படிப்பட்டவரிடம் 1111111 வந்து மாட்டியது. அல்லது நாங்கள் மாட்டினோம்.

"மூணாலே வகுத்தா மீதி ஒண்ணு. ஏழாலேயும் ஒண்ணு. பதினொண்ணு, பதிமூணு, எல்லாத்துக்கும் ஒண்ணு. இது ப்ரைம் ஆக்கும் ஓய்."

ப்ரைம் என்றால் ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண். பதினேழிலேயே மீதி எட்டாகிவிட்டது, மனிதர் அசரவில்லை. நிரூபிக்க அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 1051 வரையுள்ள நூற்றெழுபத்தேழு ப்ரைம்களாலும் வகுக்க வேண்டும். ஆபீஸ் முழுக்கப் பங்கு போட்டார். என் தலையில் 211 முதல் 263 வரை, பத்து ப்ரைம்கள்.

மூன்றை ஒழுங்காக வகுத்தேன். மத்தியானச் சாப்பாடு கண்ணைச் செருகியது. மற்ற ஏழுக்கும் தோன்றியதை எழுதி, 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன். 239க்கு எதிரே மீதி 86. எங்கள் ஆபீஸில் ஒருவர் அப்படிக் கையெழுத்திட்ட கணக்கை இன்னொருவர் திரும்பப் போட்டால் அவமரியாதை. மீதி சாரும் போடவில்லை.

ஓய்வு பெறும் வாரம், எங்கள் தாள்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு கல்லூரிக் கணிதப் பேராசிரியரிடம் காட்டக் கிளம்பினார். துணைக்கு நான்.

"முப்பது வருஷமா அடுத்தவா நிலத்தை அளந்தாச்சு. இது ஒண்ணாவது என் பேர்லே இருக்கட்டும்," என்றார்.

பேராசிரியர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இருநூத்தி முப்பத்தொன்பதாலே மீதியில்லாம போறதே. ஈவு நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொன்பது, அதுவும் ப்ரைம். இந்தத் தாளை யார் போட்டது?"

மீதி சார் என் கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். "நான்தான் சார். கை தவறிப்போச்சு."

கரமனைப் பாலம் வரை நடந்தோம். இத்தனை வருஷத்தில் அவர் எதையும் வகுக்காமல் நடந்த தூரம் அதுதான். பாலத்தில் நின்றார்.

"நாலாயிரத்து அறுநூத்தி நாப்பத்தொன்பதும் ப்ரைம் ஆக்கும். ஒண்ணு போய் ரெண்டு கிடைச்சிருக்கு. போட்டும்," என்றார். பிறகு மெதுவாக, "வகுத்தீரா ஓய்?"

"இல்லை சார்."

"ம்," என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் ஆபீஸில் வேறு வேலை பார்க்கவில்லை. விட்ட ஏழு எண்களாலும் உட்கார்ந்து வகுத்தேன், இரண்டு தடவை. 239க்கு மீதி பூச்சியம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மீதி சார் கணக்கைப் பார்க்கவில்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தார். "சரியா இருக்கும்," என்று மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அவரை அவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.